கட்டுரைல சொந்த அனுபவத்த வெச்சு ஒரு பெரிய விஷயத்த எப்படி பேசறது? டைரி மாதிரி ஆயிடுது

நீலமசி:

வணக்கம். 'காத்திருப்பு' பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேன், ஆயிரத்து சொச்சம் வார்த்தைக்குள்ள முடிக்கணும். மொத டிராஃப்ட்ட படிச்ச ஃப்ரெண்ட் ஒருத்தங்க "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா எதுவும் மனசுல ஒட்டல"ன்னாங்க. அது இப்படி ஆரம்பிக்குது:

"காத்திருப்பு என்பது காலத்தின் முன் மனிதன் தன் அதிகாரமின்மையை உணரும் தருணம். நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் நடுவே ஊசலாடும் மனம் நிகழ்காலத்தை இழந்துவிடுகிறது."

சரி சொந்த அனுபவம் ஒண்ண உள்ள கொண்டு வருவோம்னு, அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப தியேட்டர் வாசல்ல உக்காந்திருந்தத எழுதினேன். இப்ப பிரச்சனை அப்படியே தலைகீழாயிடுச்சு. எத்தன மணிக்கு போனோம், யார் யார் வந்தாங்க, டாக்டர் ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொன்னது, அப்பா கைல இருந்து கழட்டின வாட்ச்ச நர்ஸ் எங்கிட்ட குடுத்தது, அது எப்பவும் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடும், அம்மா யார்கிட்டயும் பேசாம இருந்தது, அப்பறம் நல்லபடியா முடிஞ்சு வெளிய வந்தது... இப்படியே போயி கடைசில "காத்திருப்பு நமக்குப் பொறுமையைக் கற்றுத்தருகிறது"ன்னு ஒரு வரி. மேல இருக்கற ரெண்டு வரிக்கும் கீழ இருக்கற கதைக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

கேள்வி இதுதான். ஒரு அருவமான விஷயத்த பேச சொந்த அனுபவம் எந்த அளவுக்கு வேணும்? அது உதாரணமா மட்டும் நிக்காம கட்டுரையவே நகர்த்தற மாதிரி எப்படி எழுதறது? அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

---

ஓரக்குறிப்பு:

நீலமசி, உங்க கேள்விக்குள்ளயே கட்டுரை இருக்கு, ஆனா நீங்க அத கமா போட்டு தாண்டிப் போயிட்டீங்க. அப்பாவோட வாட்ச் எப்பவும் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடும்னு சொன்னீங்களே, அங்க நில்லுங்க. தியேட்டர் வாசல்ல உக்காந்திருக்கற ஒருத்தர் கைல, உள்ள இருக்கற ஆளோட நேரம் இருக்கு, அதுவும் ஊர் நேரத்துல இருந்து விலகின நேரம். காத்திருப்பு பத்தி எழுதறவங்களுக்கு இத விட என்ன வேணும். யார் யார் வந்தாங்க, எத்தன மணிக்கு கிளம்பினோம் இதெல்லாம் நடந்ததுங்கற ஒரே காரணத்துக்காக உள்ள வந்திருக்கு. வாட்ச் அப்படி இல்ல, அது யோசிக்க வெக்குது.

டைரிக்கும் கட்டுரைக்கும் நடுவுல நான் பாக்கற வித்தியாசம் இதுதான்: டைரில நடந்தது நடந்த வரிசைல போகும், கட்டுரைல உங்களுக்கு எது புரியலையோ அது போற வரிசைல போகும். அதனால மொதல்ல உங்கள நீங்களே கேட்டுக்க வேண்டியது, "அன்னிக்கு நடந்ததுல எது எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல?" விளங்கின விஷயத்துக்கு உதாரணம் தேடினா அது சும்மா ஒப்புக்கு நிக்கும்.

இந்த வகைக் கட்டுரைக்கு மூலவர்னு எல்லாரும் சொல்ற பிரெஞ்சு எழுத்தாளர் மாண்டேய்ன் (அவர் கட்டுரைகளோட மொத ரெண்டு தொகுதி 1580ல வந்துது) சாவ பத்தி எழுதறப்ப என்ன பண்றார் பாருங்க. சாவ பழகிப் பாக்க முடியுமாங்கறதுதான் விஷயம். அதுக்கு அவர் எடுத்துக்கறது அவரே குதிரைல இருந்து விழுந்தது. கூட வந்த ஆள் ஒருத்தன் பெரிய குதிரைல வேகமா வந்து மோதி, இவர் தூக்கி வீசப்பட்டு, செத்துட்டார்னே நெனச்சு தூக்கிட்டுப் போறாங்க, வழில ரத்தம் ரத்தமா வாந்தி எடுக்கறார். இதுவரைக்கும் யார் வேணா எழுதலாம். ஆனா அவர் கவனிச்சு சொல்றது, அந்த நேரத்துல பயமே இல்ல, தூக்கத்துல நழுவற மாதிரி ஒரு சுகம் இருந்துது, ஆனா பாத்தவங்க கண்ணுக்கு அவர் கை சட்டைய பிச்சுக்கிட்டு இருந்துதாம். அப்பறம், ரோட்டுல தடுமாறி வர்ற மனைவிக்கு ஒரு குதிரை குடுங்கன்னு வேற சொல்லியிருக்கார், அது தான் யோசிச்சு சொன்னதே இல்லங்கறார். அப்ப வெளிய தெரியற வேதனையும் உள்ள நடக்கறதும் ஒண்ணு இல்ல, பேசறது செய்யறது எல்லாமே நம்மளோடதும் இல்ல. இந்த யோசனை விழறதுக்கு முன்னாடி அவர்கிட்ட இருந்திருக்காது. உதாரணம்தான் அத கொண்டு வந்துது.

உங்க டிராஃப்ட்ல முடிவு (அதிகாரமின்மை, பொறுமை) மொதல்லயே ரெடியா இருந்துது, ஆபரேஷன் அதுக்கு சாட்சி சொல்ல வந்திருக்கு. அதான் ஒட்டல.

---

வகுப்பறை ஜன்னல்:

நான் பசங்களுக்கு கட்டுரை சொல்லித்தர்ற ஆள், அதனால கொஞ்சம் செய்முறையா சொல்றேன்.

ஹயகாவான்னு ஒரு மொழியியல் அறிஞர் 1940கள்ல ஒரு ஏணிப் படம் போட்டு விளக்கியிருப்பார். ஒரு மாடு, பேரு பெஸ்ஸி. கீழ்ப் படில அந்த ஒரே ஒரு பெஸ்ஸி. அதுக்கு மேல 'பசு'. மேல போகப் போக 'கால்நடை', 'பண்ணைச் சொத்து', 'சொத்து', உச்சில 'செல்வம்'. ஒவ்வொரு படி ஏறறப்பவும் பெஸ்ஸியோட ஏதோ ஒரு குணம் கழண்டு போகுது, 'செல்வம்'ங்கற எடத்துல மாடே இல்ல. அவர் சொல்ற முக்கியமான விஷயம், மேல இருக்கறது தப்பு இல்ல, கீழ இருக்கறதும் தப்பு இல்ல, ஒரே படில மாட்டிக்கிட்டு நிக்கறதுதான் சிக்கல். உங்க மொத ரெண்டு வரி உச்சிப் படில நிக்குது. ரெண்டாவது டிராஃப்ட் அடிப் படிலயே நிக்குது. ஏறி எறங்கணும்.

எப்படின்னா, ஒரு பென்சில் எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்துல மேலயா கீழயான்னு ஒரு குறி போடுங்க. ஒரே குறி வரிசையா வந்துட்டே இருந்தா அங்க வாசகர் கழண்டுக்குவார். நான் பாத்த வரைக்கும் பெரும்பாலான பசங்க எழுதறது இந்த ரெண்டுலயும் சேராத நடுப் படி: "மருத்துவமனையில் காத்திருப்பது கடினமானது", "உறவினர்கள் பதற்றத்துடன் இருந்தனர்". இது யோசனையும் இல்ல, காட்சியும் இல்ல. முழுக்க அருவமா எழுதின வரியக் கூட காப்பாத்திடலாம், இந்த நடுப் படி வரிகள தயங்காம வெட்டிடுங்க.

இன்னொண்ணு, நம்ம அணி இலக்கணத்துல வேற்றுப்பொருள் வைப்பணின்னு ஒண்ணு இருக்கு, ஒரு குறிப்பிட்ட விஷயத்த சொல்லிட்டு அதுக்கு பலமா உலகறிஞ்ச பொது உண்மை ஒண்ண வெக்கறது. தண்டியலங்காரத்துல 'உலகறி பெற்றி'னே வரும், உலகம் அறிஞ்ச தன்மைன்னு அர்த்தம். செய்யுளுக்கு ரொம்ப அழகு. உங்க கடைசி வரி, "பொறுமையைக் கற்றுத்தருகிறது", அந்த மாதிரி உலகறிஞ்சதுதான், எல்லாருக்கும் ஏற்கனவே தெரியும். ஆனா கட்டுரை படிக்க வர்றவர் தெரிஞ்சத உறுதிப்படுத்திக்க வரல. நீங்க கீழ இருந்து ஏறிப் போயி தொடற எடம் அவருக்கும் உங்களுக்கும் புதுசா இருக்கணும். புதுசா இல்லன்னா மறுபடி எறங்கி வேற பக்கமா ஏறுங்க.

---

எதிர்க்கரை:

ஓரக்குறிப்பு சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு எச்சரிக்கை வேணும்னு தோணுது.

சொந்த அனுபவத்துக்கு ஒரு பலம் இருக்கு, அது சில சமயம் அநியாயமான பலம். 2007ல வந்த ஒரு ஆய்வு, ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூணு பேர் பண்ணது. பட்டினிக்கு நிதி கேக்கறப்ப ஒரு குரூப்புக்கு ரோக்கியாங்கற மாலி நாட்டு 7 வயசு பொண்ணப் பத்தி சொன்னாங்க, இன்னொரு குரூப்புக்கு லட்சக்கணக்கான பேர் பாதிக்கப்பட்ட புள்ளிவிவரம் குடுத்தாங்க. அந்த ஒரு பொண்ணுக்குதான் ஜனங்க நிறைய குடுத்தாங்க. இதுல என்ன யோசிக்க வெக்குதுன்னா, பொண்ணு கதையோட புள்ளிவிவரத்தயும் சேத்து குடுத்தா தொகை குறைஞ்சுடுச்சு. அதாவது ஒரு முகம் மனச இழுக்கற வேகத்துல, அந்த ஒரு கேஸ் மத்த கேஸுக்கெல்லாம் பொருந்துமான்னு நாம யோசிக்கறதே இல்ல. எழுதறவங்க இந்த வேகத்த தெரிஞ்சு வெச்சுக்கணும். "எனக்கு இப்படி நடந்துது"ங்கறதுல இருந்து "மனுஷனுக்கு இப்படித்தான்"னு தாவறது ரொம்ப சுலபம், வாசகரும் அழுதுகிட்டே தலையாட்டிடுவார்.

அதனால உங்க அனுபவம் பொருந்தாத ஒரு காத்திருப்ப நீங்களே தேடிப் பிடிச்சு உள்ள வெக்கணும்ங்கறேன். டாக்டர் உங்களுக்கு "ரெண்டு மணி நேரம்"னு ஒரு கணக்கு குடுத்தார். காணாமப் போன ஒருத்தருக்காக வீட்ல இருக்கறவங்களுக்கு அந்த கணக்கே கெடயாது. அதுவும் காத்திருப்புதான். உங்க யோசனை அங்க நிக்குதா இல்ல உடையுதான்னு பாருங்க.

அப்பறம் அப்பா, அம்மா. அவங்க கட்டுரை எழுத ஒத்துக்கல, நீங்கதான் எழுதறீங்க. உடம்பு விஷயம் வேற. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட படிச்சுக் காட்டறது மரியாதைன்னு நெனக்கறேன், இதுல நான் கறார்.

---

நீலமசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எடுத்துக்கிட்டு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. வாட்ச்ச பத்தி யோசிக்க ஆரம்பிச்சதும் சுத்தமா மறந்திருந்த ஒரு விஷயம் ஞாபகம் வந்துது, அம்மா அன்னிக்கு யார்கிட்டயும் பேசலன்னு சொன்னேன்ல, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட பேசினாங்க. அத வெச்சு இந்த பாரா எழுதியிருக்கேன், பாத்து சொல்லுங்க:

"உள்ளே கொண்டுபோகும் முன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார் நர்ஸ். தோல்வாரில் அவர் மணிக்கட்டின் வளைவு அப்படியே இருந்தது. எங்கும் தாமதமாகப் போகக்கூடாது என்று அப்பா அதை ஐந்து நிமிடம் தள்ளியே வைத்திருப்பார். எதிர்ச்சுவரில் இன்னொரு கடிகாரம். ரெண்டு மணி நேரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவின் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டியபோது சுவரில் இன்னும் தாண்டவில்லை, அதனால் நான் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன். சுவரிலும் பன்னிரண்டு தாண்டியது. உள்ளே கொண்டுபோனது பத்து மணிக்கா பத்தேகாலுக்கா என்று அம்மாவிடம் கேட்டேன். 'பத்தேகால்' என்றாள். பத்து என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பன்னிரண்டேகால் வரை எங்களுக்கு அவகாசம் கிடைத்துவிட்டது. காத்திருக்கும் மனிதன் அதிகாரமற்றவன் அல்ல, காலத்தோடு பேரம் பேசுகிறவன் என்று அப்போது புரிந்துகொண்டேன்."

கடைசி வாக்கியம் பத்தி எனக்கே சந்தேகமா இருக்கு. அது இல்லன்னா வாசகருக்கு விஷயம் போய்ச் சேருமான்னு பயம். எதிர்க்கரை, அப்பாகிட்ட கண்டிப்பா படிச்சுக் காட்டறேன்.

---

ஓரக்குறிப்பு:

அம்மா சொன்ன அந்த 'பத்தேகால்' அபாரம்ங்க. ரெண்டு பேருக்கும் பொய்னு தெரியும், ரெண்டு பேரும் அத எடுத்துக்கறீங்க, யாரும் யாரையும் ஏமாத்தல. காத்திருக்கறது சும்மா உக்காந்திருக்கறதுன்னு நெனச்சிட்டிருந்தவருக்கு, உள்ள இவ்வளவு வேலை நடக்குதுன்னு தெரியற எடம் அது.

கடைசி வாக்கியத்துல எனக்கு உறுத்தறது 'அப்போது புரிந்துகொண்டேன்'. அன்னிக்கு அந்த பெஞ்சுல உக்காந்துகிட்டு யாரும் அப்படி புரிஞ்சுக்கறது இல்ல. புரிஞ்சது இப்ப, எழுதறப்ப. அந்த தூரத்த மறைக்காதீங்க, அனுபவிச்ச ஆள் ஒருத்தர், எழுதற ஆள் இன்னொருத்தர், ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற இடைவெளிலதான் யோசனைக்கே எடம். "இன்று யோசிக்கையில்"னு ஆரம்பிச்சு அடுத்த பாராவுக்கு கொண்டு போயிடுங்க. 'அவகாசம் கிடைத்துவிட்டது'ல இந்த பாராவ முடிச்சா போதும், பேரம்ங்கற யோசனை அங்கயே வந்துடுச்சு, சொல்லாமலே.

ஆனா பொதுவா எல்லாரும் சொல்ற "காட்டு, சொல்லாதே"வ நான் சொல்ல வரல. கதைல அது சரி. கட்டுரைல யோசனைய வெளிப்படையா சொல்லியே ஆகணும், வாசகர் அதுக்காகத்தான் வந்திருக்கார். சொல்ற எடம் எதுன்னுதான் பேச்சு. காட்சி ஏற்கனவே சொல்லிட்டத திருப்பிச் சொல்லாதீங்க, அங்க இருந்து ஒரு அடி முன்னாடி போயி சொல்லுங்க. அம்மா எதுக்கு பொய் சொன்னாங்க? உங்களுக்காகவா, தனக்காகவா? தனியா உக்காந்திருந்தா இந்த பேரம் நடந்திருக்குமா? ஒருத்தர் மட்டும் சொல்ற பொய் மனப்பிராந்தின்னா, ரெண்டு பேர் ஒத்துக்கிட்ட பொய் என்ன? இந்த கேள்விகளுக்கு என்கிட்ட பதில் இல்ல, உங்ககிட்டயும் இப்ப இல்லன்னா இன்னும் நல்லது, எழுதி கண்டுபிடிங்க.

---

மெய்யெழுத்து:

உள்ள வரலாமான்னு யோசிச்சேன், ஆனா எதிர்க்கரை சொன்ன 'பொருந்தாத உதாரணம்' விஷயத்துக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு, சொல்லிட்டு போறேன். பிரெஞ்சு தத்துவவாதி சார்த்ர் 1943ல எழுதின 'Being and Nothingness'ங்கற தடிமனான தத்துவ நூல்ல 'இன்மை'ய விளக்க ஒரு காஃபி கடைக்கு போறார். பியேர்ங்கற நண்பன் நாலு மணிக்கு அங்க வர்றதா பேச்சு, இவர் கால் மணி நேரம் லேட். பியேர் எப்பவும் நேரத்துக்கு வர்ற ஆள், இன்னும் காத்துட்டு இருப்பானான்னு தேடறார். ஒவ்வொரு முகமா கண்ணுல பட்டு, இவன் இல்ல இவன் இல்லன்னு பின்னால கரையுது, கடை முழுக்க பியேர் இல்லாததாவே தெரியுது. இது வரைக்கும் சொந்த அனுபவம்.

அடுத்து அவர் பண்றதுதான் முக்கியம். நெப்போலியன ஜெயிச்ச தளபதி வெல்லிங்டனும் இந்த கடைல இல்ல, கவிஞர் பால் வலேரியும் இல்ல, அதுவும் உண்மைதானேங்கறார். ஆனா அந்த இல்லாமை வெறும் நெனப்பு, கடைய ஒண்ணும் பண்ணல. நான் எதிர்பாத்து வந்ததால பியேரோட இல்லாமை மட்டும் நிஜமா அங்க நடக்குது. ஒரு உதாரணம், பக்கத்துலயே அது மாதிரியே இருந்தும் அது இல்லாத இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல யோசனை தானா வடிவத்துக்கு வந்துடுது. சாதாரண விஷயம், ஒரு சாயங்காலம் நண்பன் ஒருத்தன காணோம், அவ்வளவுதான். பெரிய துக்கம் எதுவும் தேவப்படல. சொந்த உதாரணம்னா காயமாத்தான் இருக்கணும்னு இப்ப எழுதறவங்க நிறைய பேர் நெனக்கறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

நீலமசி, உங்களுக்கு அந்த ரெண்டாவது உதாரணம் கணக்கு குடுக்கப்படாத காத்திருப்பு. நேரம் சொல்லாதப்ப பேரம் பேச எதுவும் கைல இல்ல. அப்ப மனசு என்ன பண்ணும்?

---

எதிர்க்கரை:

அதே. நான் சொன்னத மெய்யெழுத்து என்ன விட நல்லா சொல்லிட்டார். ஒரு சின்ன திருத்தம் மட்டும், காணாமப் போனவங்க வீட்டப் பத்தி உங்களுக்கு நேரடியா தெரியலன்னா அவங்க மனசுக்குள்ள போயி எழுதாதீங்க. வெளில இருந்து தெரியறத மட்டும் சொல்லிட்டு, எனக்கு இதுக்கு மேல எட்டலன்னு நிறுத்திக்கலாம். இல்ல உங்க வாழ்க்கைலயே நேரம் சொல்லாத ஒரு காத்திருப்பு இருக்கும், ஒரு லெட்டருக்கோ பதிலுக்கோ, சின்னதா இருந்தாலும் பரவால்ல.

---

நீலமசி:

இருக்கு. ஒரு ஃப்ரெண்டுக்கு அனுப்பின மெசேஜ், ரெண்டு டிக் விழுந்துது, பதில் வரல. எத்தன நாள் ஆனா கோவப்படலாம்னு எனக்கே தெரியாம நான் ஒரு கெடு வெச்சு அத தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். இப்ப யோசிச்சா, யாரும் நேரம் குடுக்கலன்னா நாமளே ஒண்ண செஞ்சு வெச்சுக்கிட்டு அதோடதான் பேரம் பேசறோம் போல. அப்ப எதிர்க்கரை சொன்ன மாதிரி என் யோசனை உடையல, ஆனா வேற மாதிரி ஆகுது. இத ரெண்டாவது பாதில வெக்கறேன்.

இன்னும் ஒரு சின்ன சந்தேகம்: 'நான்' நிறைய எடத்துல வருது, தற்பெருமை மாதிரி படுமா? பாதில 'நாம்'னு மாத்திடலாமா?

---

வகுப்பறை ஜன்னல்:

மாத்தாதீங்க. 'நாம்'னு எழுதினா வாசகர கேக்காமலே கூட்டு சேக்கறீங்க, அவர் அப்பாவுக்கு ஆபரேஷன் நடக்காம இருக்கலாம். நடந்தது எல்லாம் 'நான்', பார்வை எல்லாம் 'நான்'. இந்த கெடு வெக்கற விஷயத்துல மட்டும், ரெண்டு உதாரணத்தயும் வெச்சதுக்கு அப்பறம், ஒரே ஒரு எடத்துல 'நாம்' போட்டுப் பாருங்க, அதுக்குள்ள அந்த உரிமை வந்திருக்கும். தமிழ்ல வினைமுற்றே ஆள காட்டிடும், 'பார்த்தேன்'னு சொன்னாலே நான்தான், அதனால பாதி 'நான்'கள எடுத்துட்டாலும் வாக்கியம் நிக்கும்.

மெசேஜ் பாராவ எழுதினதும் இங்க போடுங்க. அந்த ஃப்ரெண்டு யாருன்னு தெரியற மாதிரி எதுவும் வேண்டாம், ரெண்டு டிக் போதும்.